பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350: ஏற்றத்தில் இழுவை இல்லை, கையில் 15,000 ரூபாய். எதில் தொடங்குவது?

போடிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1998 மாடல் புல்லட் ஸ்டாண்டர்டு 350. காஸ்ட் அயர்ன் எஞ்சின், வலது கால் கியர், காண்டாக்ட் பாயிண்ட் (பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் பழைய முறை). போன வருடம் தேனியில் ஒரு பெரியவரிடம் வாங்கினேன். ஆர்சி புதுப்பித்து, பசுமை வரியும் கட்டிவிட்டேன், காகிதங்களில் சிக்கல் ஏதும் இல்லை. வண்டியில்தான் சிக்கல்.

நான் வேலைக்காக வாரம் ஒருமுறையாவது போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி பூப்பாறை வரை போய் வருகிறேன். பின்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பார், சில சமயம் ஒரு மூட்டையும் இருக்கும். கீழே சமதளத்தில் 60 வரை நன்றாகத்தான் போகிறது. மெட்டு ஏற ஆரம்பித்ததும் நான்காவது கொண்டை ஊசி வளைவுக்கு மேல் இரண்டாவது கியரிலேயே திணறுகிறது. எஞ்சின் பக்கம் கால் வைக்க முடியாத சூடு. சைலன்சர் பெண்ட் பைப் ஹெட்டை ஒட்டிய இடத்தில் நீலமாகிவிட்டது. த்ராட்டிலைத் திடீரென்று திருகினால் கார்புரேட்டர் பக்கம் 'டுஸ்' என்று தும்முகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப்புகை குபுகுபுவென்று வந்து, ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். பிரைமரி கவருக்குக் கீழேயும் எஞ்சினைச் சுற்றியும் எப்போதும் ஆயில் ஈரம்.

இங்கே ஒரு பட்டறையில் காட்டினேன். ஹெட்டைக் கழற்றிப் பார்க்காமலே, 'போர் போட்டு 500 சிசி கிட் ஏற்றிவிடலாம், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் ஓப்பன் ஏர் ஃபில்டரும் போட்டால் சும்மா பறக்கும்' என்றார்கள். நண்பன் ஒருவன் முன் ஸ்பிராக்கெட்டை 17 பல்லாக மாற்றச் சொல்கிறான்.

என் கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. நானே கழற்றி மாட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் பழைய வண்டியை வாங்கினேன். ஸ்பேனர் செட் இருக்கிறது, ஸ்ப்ளெண்டரில் ஆயில் மாற்றுவது, செயின் டைட் வைப்பது எல்லாம் செய்வேன். இந்த எஞ்சின் எனக்குப் புதிது. எதை முதலில் செய்வது, எதற்குச் செலவு செய்வது?

---

வைகை ரைடர்:

தம்பி, 500 கிட்டுக்கு மட்டும் இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். ஆர்சியில் 346 சிசி என்று இருக்கும் வண்டியில் வேறு கொள்ளளவு எஞ்சின் ஓடினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் மாட்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க ஆர்டிஓ ஆபீஸ் போகும்போது தலைவலி. விபத்து என்று ஏதாவது நடந்துவிட்டால் இன்சூரன்ஸிலும் கேள்வி வரும்.

அப்புறம் ஸ்பேனர் விஷயம். உங்கள் ஸ்ப்ளெண்டர் செட் இதற்குப் பாதிதான் உதவும். பழைய புல்லட்டில் பிரிட்டிஷ் மரை நட்டுகள் கலந்திருக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து அழுத்தினால் நட்டு முனை உருண்டுவிடும். மதுரையிலோ திருச்சியிலோ பழைய டூல்ஸ் கடைகளில் விட்வொர்த் ஸ்பேனர் கிடைக்கும், நான்கைந்து அளவு வாங்கினால் போதும். ஒரு ஃபீலர் கேஜும் கட்டாயம் வேண்டும். எஞ்சின் பற்றி 'இரும்புச்சட்டம்' அண்ணன் வருவார், அவர் சொல்வதைக் கேளுங்கள்.

---

இரும்புச்சட்டம்:

தம்பி, நீங்கள் அறிகுறிகளைத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் பதில் சொல்வது எளிது. நான் நாகர்கோவில்காரன். ஃபிட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த எஞ்சினோடு முப்பது வருடத்துக்கு மேல் பழக்கம்.

உங்கள் வண்டிக்கு இப்போது கூடுதல் சக்தி தேவையில்லை. தொழிற்சாலை கொடுத்த சக்தியே சக்கரத்துக்கு வந்து சேரவில்லை. 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 5,625 சுற்றில் 18 குதிரைத்திறன், இதுதான் இந்த 350. காகிதத்தில் இன்றைய 150 சிசி வண்டிகளுக்குப் பக்கத்தில் நிற்கும் எண்தான். ஆனால் ஸ்ட்ரோக் நீளமானது, ஃப்ளைவீல் கனமானது. அதனால் கீழ்ச் சுற்றில் இழுக்கும். அந்த இழுவை உங்களிடம் இல்லை என்றால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். இன்னொன்றையும் மனதில் வையுங்கள். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று மெலிந்து எந்த எஞ்சினும் சுமார் 10 சதவீதம் சக்தியை இழக்கும். போடிமெட்டு 1,300 மீட்டருக்கு மேல். ஆக, நல்ல புல்லட்டே அங்கே 16 குதிரைத்திறனுக்குக் கீழேதான் கொடுக்கும். அதில் இன்னும் மூன்று நான்கைக் கோளாறுகள் தின்றால், இரண்டு பேரையும் மூட்டையையும் வைத்துக்கொண்டு எப்படி ஏறும்?

பெண்ட் பைப் நீலமாவது, எஞ்சின் சூடு, ஏற்றத்தில் திணறல், கார்புரேட்டர் தும்மல். இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, இக்னிஷன் டைமிங் (பிளக்கில் தீப்பொறி விழும் நேரம்) பின்தங்கியிருக்கிறது. இரண்டு, பெட்ரோல் கலவை மெலிந்திருக்கிறது. டைமிங் பின்தங்கினால் பெட்ரோல் தாமதமாக எரியும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய நெருப்பு, எக்ஸாஸ்ட் வால்வு வழியே பைப்புக்குள் போய் எரியும். பைப் நீலமாவது அதனால்தான்.

முதல் வேலை காண்டாக்ட் பாயிண்ட். வலது பக்கம் டைமிங் கவருக்கு மேலே இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்தினால் பாயிண்ட் திறந்து மூடுவது தெரியும். முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பாயிண்டின் குதிகால் பகுதி கேம் மேல் உரசி உரசித் தேயும். தேயத் தேய இடைவெளி குறையும், இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் தானாகவே பின்தங்கும். நெருப்புப் பட்டுக் குழி விழுந்திருந்தால் மெல்லிய எமரித்தாளால் சமன் செய்யுங்கள். குழி ஆழமாக இருந்தால் புதிது போட்டுவிடுங்கள், கண்டென்சரையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பாயிண்ட் பிளேட்டுக்கு அடியில் யாருமே திறந்து பார்க்காத ஒரு பொருள் இருக்கிறது: ஆட்டோ அட்வான்ஸ். இரண்டு சிறிய எடைகள், இரண்டு ஸ்பிரிங். சுற்று கூடும்போது எடைகள் விரிந்து டைமிங்கை முன்னுக்குத் தள்ளும். வருடக்கணக்கில் எண்ணெய் காணாமல் துரு ஏறி அப்படியே ஒட்டிக்கொள்ளும். மூடிய நிலையில் ஒட்டினால் ஸ்டார்ட் சுலபமாக ஆகும், ஐட்லிங் அழகாக நிற்கும், ஏற்றத்தில் மட்டும் வண்டி செத்துப்போகும். உங்கள் வண்டி சொல்வது ஏறக்குறைய இதைத்தான். கேமை விரலால் திருப்பிப் பாருங்கள். கொஞ்சம் திரும்பி, விட்டதும் ஸ்பிரிங் இழுத்துத் திரும்ப வர வேண்டும். வரவில்லை என்றால் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுத்தம் செய்து, ஒரு சொட்டு ஆயில் விட்டு மாட்டுங்கள். செலவு ஒன்றுமே கிடையாது.

பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்த பிறகுதான் டைமிங்கைத் தொட வேண்டும். வரிசையை மாற்றாதீர்கள்.

அடுத்தது டேப்பட், அதாவது வால்வைத் திறக்கும் தண்டுகளின் இடைவெளி. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், இரவெல்லாம் நின்ற வண்டியாக இருந்தால் நல்லது. கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டு வாருங்கள். வலது பக்கம் பேரலின் அடியில் ஒற்றை நட்டு போட்ட சிறிய கவர் இருக்கும், அதைத் திறந்தால் இரண்டு புஷ் ராடும் அட்ஜஸ்டரும் தெரியும். புஷ் ராடை விரலால் சுழற்றினால் தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆட்டினால் ஆடக் கூடாது. இதற்கு ஃபீலர் கேஜ் தேவையில்லை, விரல் போதும். லாக் நட்டை இறுக்கும்போது அளவு நகரும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடியும் சுழற்றிப் பாருங்கள். கொஞ்சம் சத்தம் வந்தால்கூடப் பரவாயில்லை, இறுக்கமாக மட்டும் வைத்துவிடாதீர்கள். வால்வு சரியாக உட்காராமல் போய் எக்ஸாஸ்ட் வால்வின் ஓரம் எரிந்துவிடும். அப்போதுதான் உண்மையாகவே ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும்.

காலையில் வரும் நீலப்புகைக்குப் பயப்படாதீர்கள். இது டிரை சம்ப் எஞ்சின். ஆயில் தனித் தொட்டியில் இருக்கும், ஒரு பம்ப் கொண்டு போகும், இன்னொன்று திருப்பிக் கொண்டு வரும். ராத்திரி நிற்கும்போது ஃபீட் பம்ப் வழியாக ஆயில் மெல்ல இறங்கி கிராங்க் கேஸில் (கிராங்க் சுழலும் அடிப்பெட்டியில்) தேங்கும். காலையில் அது எரிந்து புகையாகிறது, திருப்பும் பம்ப் வேலை செய்ததும் நிற்கிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஓட ஓடப் புகை வந்துகொண்டே இருக்கும். உங்களுக்கு அப்படி இல்லை. ஆகவே ஓவர்சைஸ் பிஸ்டன் பேச்சை இப்போது எடுக்கவே வேண்டாம். ஆனால் ஆயில் அளவை நீங்கள் எப்போது பார்க்கிறீர்கள்? காலையில் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்து, குறைவு என்று ஊற்றியிருந்தால் உங்கள் எஞ்சினில் ஆயில் அதிகம். பத்து நிமிடமாவது ஓட்டி, நிறுத்திய உடனே பார்ப்பதுதான் முறை.

அந்த ஆயில் ஈரத்துக்கும் வருகிறேன். கேஸ்கட்டுகளை எல்லாம் மாற்றுவதற்கு முன்னால் பிரீதரைப் பாருங்கள். பிஸ்டன் கீழே வரும்போது கிராங்க் கேஸில் ஏறும் அழுத்தம் அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். நுனியில் வாத்து அலகு போல ஒரு ரப்பர் வால்வு இருக்கும். அது கல்லாகிவிட்டாலோ அடைத்துவிட்டாலோ அழுத்தம் போக வழியில்லாமல் ஒவ்வொரு கேஸ்கட் இடுக்கிலும் ஆயிலைத் தள்ளும். மிகச் சின்ன பொருள். இதைக் கவனிக்காமல் எத்தனையோ பேர் மூன்று நான்கு தடவை கேஸ்கட் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் காற்று கசிகிறதா என்றும் பாருங்கள். ஐட்லிங்கில் ஓடவிட்டு அந்த இணைப்பின் மேல் சோப்புத் தண்ணீரைக் கொஞ்சம் தடவுங்கள். ஐட்லிங் மாறினாலோ நுரை உள்ளே உறிஞ்சப்பட்டாலோ அங்கே கசிவு. சூட்டில் அந்த ஃபிளாஞ்ச் வளைந்திருக்கும், கண்ணாடித் துண்டின் மேல் எமரித்தாளை வைத்துத் தேய்த்துச் சமன் செய்யலாம்.

ஃபெல்ட் ஃபில்டரையும் ஆயிலையும் ஒரே சமயம் மாற்றுங்கள். ஃபில்டர் குழியில் கொஞ்சம் ஆயில் ஊற்றிவிட்டு மூடியை மாட்டுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, ஹெட்டுக்குப் போகும் மெல்லிய ஆயில் பைப்பின் மேல் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி ஆயில் கசிந்து வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் உங்கள் 15,000ல் பெரும்பகுதி மிஞ்சும். அதை என்ன செய்வது என்று பிறகு சொல்கிறேன். முதலில் இவற்றைச் செய்துவிட்டு வாருங்கள்.

---

கோவை லேத்:

இரும்புச்சட்டம் அண்ணன் சொன்னதில் பெட்ரோல் விஷயத்தைக் கொஞ்சம் விரிக்கிறேன். இந்த எஞ்சினுக்கு ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) அளவு முடிவு செய்த காலத்தில் எத்தனால் கலப்பு கிடையாது. இப்போது பங்குகளில் 20 சதவீதக் கலப்பு. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் இருந்தால் சுமார் 13.5 போதும். கார்புரேட்டருக்கு இது தெரியாது, அது பழைய கணக்கிலேயே காற்றை விடும். ஆக, கலவை ஏழெட்டு சதவீதம் மெலிந்துதான் எரிகிறது. எஃப்ஐ (ஃப்யூவல் இன்ஜெக்ஷன்) வண்டியில் சென்சார் பார்த்துக்கொள்ளும், இதில் நாம்தான் பார்க்க வேண்டும்.

அதனால் காற்றுக் கசிவை அடைத்த பிறகும் பிளக் முனை வெள்ளையாகவே இருந்தால் மெயின் ஜெட்டில் ஓர் அளவு மேலே போய்ப் பாருங்கள். கார்புரேட்டர் ஊசியை ஒரு காடி உயர்த்தினால் நடு த்ராட்டிலுக்கு உதவும். பிளக் முனை இளம்பழுப்பில் நிற்க வேண்டும். ஆனால் மேலே ஏறினால் காற்று மெலிவதால் கலவை தானாகவே கனக்கும். ஆகவே போடியில் பார்த்து இரண்டு மூன்று அளவு தாண்டிப் போய்விடாதீர்கள், மெட்டில் கரும்புகை தள்ளும்.

பழைய பெட்ரோல் டியூப்பைத் தயவுசெய்து மாற்றுங்கள். எத்தனாலில் பழைய ரப்பர் ஊறி வெடிக்கும், சூடான எஞ்சினுக்கு மேலே பெட்ரோல் சொட்டுவது விளையாட்டு இல்லை. வண்டி மாதக்கணக்கில் நிற்கும் என்றால் டேங்கிலும் கார்புரேட்டரிலும் பெட்ரோலை விட்டு வைக்காதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்க் உள்ளே துரு பிடிக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணனிடமிருந்து மாறுபடுகிறேன். பாயிண்ட்டோடு போராடுவதைவிட எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் போடுவது நல்லது. தேய குதிகால் கிடையாது, டைமிங் ஒருமுறை வைத்தால் நகராது. வாரம் தவறாமல் மலை ஏறுபவருக்கு அது பெரிய நிம்மதி.

---

போடிக்காரன்:

அண்ணே, வைகை அக்கா, கோவை அண்ணன், எல்லோருக்கும் நன்றி. இந்த இரண்டு ஞாயிறு முழுக்க வண்டியோடுதான்.

பாயிண்ட் இடைவெளி 0.20 கூட இல்லை. ஆட்டோ அட்வான்ஸ் எடைகளில் ஒன்று துரு ஏறி அசையவே இல்லை. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு எடுத்த பிறகு இரண்டும் விரிந்து சுருங்குகின்றன. புதுப் பாயிண்ட், கண்டென்சர் போட்டு 0.38 வைத்தேன். எக்ஸாஸ்ட் டேப்பட் இறுக்கமாக இருந்தது, அண்ணன் சொன்னபடி விரலால் சுழலும்படி வைத்துவிட்டேன். பிரீதர் ரப்பரை எடுத்து அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி இருந்தது, புதிது போட்டேன். கார்புரேட்டர் ஃபிளாஞ்ச் ஒரு பக்கம் வளைந்திருந்தது, கண்ணாடி மேல் தேய்த்தேன். ஆயில், ஃபெல்ட் ஃபில்டர், பெட்ரோல் டியூப் எல்லாம் புதிது. ஆயில் உண்மையாகவே அதிகம் இருந்தது, நான் காலையில் பார்த்துத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

நேற்று மெட்டு ஏறினேன். பின்னால் ஆள், மூட்டை, எல்லாம் வழக்கம்போல. திணறல் போய்விட்டது. சில இடங்களில் மூன்றாவது கியரே இழுக்கிறது. தும்மல் இல்லை. சூடு குறைந்திருப்பது காலுக்கே தெரிகிறது.

ஆனால் புதிதாக ஒரு பிரச்சினை. கிக்கர் சில சமயம் திருப்பி அடிக்கிறது, கணுக்கால் வலி. டைமிங் வைக்கக் கேஜ் இல்லாததால் அதைத் தொடவில்லை. அதனாலா? மீதிப் பணத்தை எதில் போடுவது என்றும் சொல்லுங்கள். ஃப்ரீ ஃப்ளோ, 17 பல் ஸ்பிராக்கெட் இரண்டையும் பற்றி அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.

---

இரும்புச்சட்டம்:

தம்பி, மனசு நிறைந்துவிட்டது. இவ்வளவையும் நீங்களே செய்தீர்கள் என்பதில் எனக்கு உண்மையான சந்தோஷம்.

திருப்பி அடிப்பது அதனால்தான். முன்பு யாரோ, பாயிண்ட் இடைவெளி குறுகியிருந்த நிலையிலேயே டைமிங்கை வைத்திருக்கிறார்கள். நீங்கள் இடைவெளியை விரித்ததும் பாயிண்ட் முன்கூட்டியே திறக்கிறது, டைமிங் முன்னேறிவிட்டது. இதைச் சரிசெய்யாமல் இனி கிக்கரை உதைக்காதீர்கள், தள்ளி ஸ்டார்ட் செய்யுங்கள். கணுக்கால் எலும்பு உடைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அட்வான்ஸ் எடைகள் முழுக்கச் சுருங்கிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் கீழே இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பிளக் துளை சாய்வாக இருப்பதால் சைக்கிள் கம்பியை விட்டு அளக்கும் வழக்கத்தை நம்பாதீர்கள், 0.8 என்பது அதில் பிடிபடாது. டயல் கேஜ் உள்ள ஒரு நல்ல பட்டறையில் ஒருமுறை வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே நின்று பாருங்கள். பாயிண்ட் திறக்கும் நொடியைக் கண்டுபிடிக்க, மெல்லிய தாளை இடையில் வைத்து லேசாக இழுத்துக்கொண்டே இருப்பார்கள், திறக்கும்போது தாள் நழுவி வரும். வைத்து முடித்ததும் பிளேட்டிலும் பாடியிலும் சேர்த்து ஒரு கீறல் போட்டுவிடுங்கள். அடுத்த முறை பிளேட்டைக் கழற்றினாலும் அந்தக் கோட்டுக்கே திருப்பி மாட்டலாம்.

கிக் அடிக்கும் முறையும் பழகுங்கள். சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தினால் அம்மீட்டர் முள் ஒரு பக்கம் சாய்ந்து, பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். கிக்கர் கடினமாக நிற்கும் இடத்தில் சிலிண்டர் அழுத்தத்தை வெளியேவிடும் டிகம்பிரசர் லீவரைப் பிடித்து ஒரு விரற்கடை தாண்டவிட்டு, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் ஒரே முழு உதை. பாதி உதைதான் திருப்பி அடிக்கும்.

கோவை லேத் சொன்ன எலக்ட்ரானிக் கிட் நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் பூப்பாறை வழியில் ராத்திரி அது செத்தால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, பேட்டரி பலவீனமானாலும் அது முரண்டு பிடிக்கும். பாயிண்ட் என்றால் ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துத் துடைத்து வீடு வந்து சேரலாம். தானே வேலை கற்க நினைக்கிற ஆளுக்குப் பாயிண்ட்தான் சரி என்பது என் முடிவு.

இனி பணம். மீதி இருப்பதில் முதல் ரூபாய் பிரேக்குக்குப் போகட்டும். ஏறுவதைப் பற்றித்தான் நாம் இவ்வளவு நேரம் பேசினோம், அதே 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆளையும் மூட்டையையும் வைத்துக்கொண்டு இறங்கவும் வேண்டும். இரண்டு பக்கமும் டிரம் பிரேக். டிரம்மைக் கழற்றி லேத்தில் கொடுத்து உள்பக்கம் வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஒரு லேசான கட் எடுத்துவிட்டுப் புதுப் பிரேக் ஷூ போடுங்கள். முன் பிரேக் கேபிளையும் மாற்றுங்கள். பிரேக்கைப் பிடித்தால் லீவர் ரப்பர் மாதிரி அமுங்குவதற்குப் பாதிக் காரணம் பழைய கேபிள்தான். பின் சக்கரத்தை மாட்டும்போது இரண்டு பக்க அட்ஜஸ்டர் கேமிலும் ஒரே எண்ணிக்கைக் காடி இருக்க வேண்டும். செயின் கோணலாக ஓடினால் அதுவும் சக்தியைத் தின்னும்.

ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் வேண்டாம். அது நல்ல பலன் தருவது மேல்சுற்றில். நீங்கள் ஏறுவதெல்லாம் 2,000, 3,000 சுற்றில். ஜெட் மாற்றாமல் போட்டால் கலவை இன்னும் மெலியும், கஷ்டப்பட்டுக் குறைத்த சூடு திரும்ப வரும். சத்தம் கூடியதும் வண்டி வேகமாகப் போவதாகக் காதுக்குத் தோன்றும், ஒரு மைல்கல்லிலிருந்து அடுத்த மைல்கல் வரை நேரம் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சத்தத்துக்கும் புகைக்கும் 190ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதையெல்லாம் விட, ஏலத்தோட்டத்துச் சாலையோரம் லயன் வீடுகளில் காலையில் வேலைக்குப் போகிறவர்கள் தூங்குவார்கள். ஓப்பன் ஏர் ஃபில்டரும் வேண்டாம். மழையும் மண்ணும் நேராகச் சிலிண்டருக்குப் போகும்.

500 கிட் பற்றி ஒரு வார்த்தை. 350க்கும் 500க்கும் ஸ்ட்ரோக் ஒன்றுதான், 90 மில்லிமீட்டர். 500ன் போர் 84. அதனால்தான் மேலே மட்டும் மாற்றினால் போதும் என்று தோன்றுகிறது. ஆனால் பிஸ்டன் எடை கூடும், உங்கள் ஃப்ளைவீல் 350 பிஸ்டனுக்குச் சமன் செய்யப்பட்டது. அதிர்வு வரும், கிராங்கின் பிக் எண்ட் பேரிங் சீக்கிரம் போகும். அதைச் சரியாகச் செய்வதென்றால் கிராங்கைப் பிரித்துச் சமன் செய்ய வேண்டும், அது 15,000 ரூபாய் வேலை இல்லை.

---

வைகை ரைடர்:

பிரேக் ஷூ, கேபிள் எல்லாம் உள்ளூரில் போலி வந்தால் வாங்காதீர்கள் தம்பி. சென்னை வந்தால் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் புல்லட்டுக்கென்றே கடைகள் இருக்கின்றன, பழைய பாகம் வேண்டுமென்றால் புதுப்பேட்டை. இங்கிலாந்து வண்டியான புல்லட்டை இந்தியாவில் செய்யத் தொடங்கியதே திருவொற்றியூரில்தான். 1956லிருந்து அங்கே செய்தார்கள், அதனால் பழைய எஞ்சினின் ஆணிவரை அந்தப் பக்கம் ஆட்களுக்குத் தெரியும். பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஒப்பிட்டு வாங்குங்கள், மாடலுக்கு மாடல் சின்னச் சின்ன மாற்றங்கள் உண்டு.

---

போடிக்காரன்:

டைமிங் வைத்தாகிவிட்டது, கீறலும் போட்டுவிட்டேன். ஒரே உதையில் ஸ்டார்ட், திருப்பி அடிக்கவில்லை. டிரம் இரண்டும் தேனியில் லேத்தில் இருக்கின்றன. 17 பல் பற்றி மட்டும் சொல்லிவிடுங்கள் அண்ணே, நண்பன் ஸ்பிராக்கெட்டையே வாங்கி வைத்துவிட்டான்.

---

இரும்புச்சட்டம்:

பின் ஸ்பிராக்கெட் 38 பல், அது பிரேக் டிரம்மோடு ஒன்றாக வார்த்தது. அதனால்தான் எல்லோரும் முன்பக்கத்தை மாற்றுகிறார்கள். 16ஐ 17 ஆக்கினால் அதே வேகத்துக்கு எஞ்சின் சுற்று 6 சதவீதம் குறையும். 3,000 சுற்றில் ஓடியது 2,800 சுற்றில் ஓடும். மதுரை, திருச்சி என்று நால்வழிச் சாலையில் தனியாகப் போகிறவருக்கு அது நல்ல மாற்றம், எஞ்சின் அமைதியாகும், பெட்ரோலும் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் சக்கரத்துக்கு வரும் இழுவையும் அதே 6 சதவீதம் குறையும். நீங்கள் இரண்டு ஞாயிறு உட்கார்ந்து மீட்டதில் ஒரு பங்கை ஒரே பல்லில் திருப்பிக் கொடுப்பதாகிவிடும். மெட்டு ஏறும் வரைக்கும் 16தான்.

அந்த ஸ்பிராக்கெட்டை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். எப்போதாவது நீண்ட சமவெளிப் பயணம் வந்தால் மாட்டிப் பார்க்கலாம். ஆனால் இதில் முன் ஸ்பிராக்கெட்டை எடுக்க பிரைமரி கவர், கிளட்ச் எல்லாம் கழற்றியாக வேண்டும், அரை நாள் வேலை. எப்படியும் கிளட்ச் பிளேட் மாற்றும் காலம் வரும், அன்றைக்குச் சேர்த்து யோசியுங்கள். டிரம் லேத்திலிருந்து வந்ததும் புது ஷூவின் முனைகளை லேசாகச் சரித்துத் தேய்த்து மாட்டுங்கள், இல்லையென்றால் கத்தும். முதல் கொஞ்ச தூரம் போடிக்குள்ளேயே ஓட்டி ஷூ படிந்த பிறகு மெட்டுக்குப் போங்கள்.